முன்சக்கரத்து ஐந்தாவது நட்டு

நகக்கண்ணுக்குள் மண்ணெண்ணெய் புகுந்துவிட்டால் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் குடித்த கம்மங்கஞ்சியிலும், கடித்துக்கொண்ட வெங்காயத்திலும், தூங்கும்போது கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்ட கையிலும் அந்த வாடைதான் இருந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கோவில்பட்டிக்குத் தெற்கே, இடைசெவல் போகிற சாலையில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அம்மா விடிந்ததும் “தீப்பெட்டி ஆபீஸு”க்குப் போய்விடுவாள். தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்கு இல்லை. பகல் முழுவதும் நானும், வேப்பமரத்தடியில் நின்ற அப்பாவின் பழைய அம்பாசிடர் காரும்தான்.

அப்பா அந்தக் காரைக் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். வாடகை படுத்துப்போன ஒரு வருஷம், ஆழ்துளைக் கிணறு போடுகிற “போர் வண்டி”க்கு டிரைவராக வடக்கே போனார். முதலில் முக்குக்கடை பூத்துக்கு வாராவாரம் போன் வந்தது. பிறகு நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவருடன் வேலைக்குப் போன புதூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது அம்மா அவரைக் கூப்பிட்டு விசாரித்தாள். “அவன் நல்லாத்தான் இருக்கான் மதினி” என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அதற்குமேல் அம்மா யாரிடமும் கேட்கவில்லை. கார் நின்ற இடத்திலேயே நின்றது. சக்கரங்களில் காற்று இறங்கியது. ஐப்பசி மழையில் இளகிய கரிசல் சக்கரங்களைப் பாதி உள்ளே வாங்கிக்கொண்டு, சித்திரை வெயிலில் காய்ந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

எங்களுக்கு அக்கம்பக்கம் என்று இருந்தது ஒரே வீடு, ஆடு மேய்க்கிற சுப்பையா மாமாவின் வீடு. பங்குனியில் பருத்தி எடுக்கப் போன அவர் மனைவி சீனியம்மா அத்தையைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. டிராக்டர் தேடிப் பிடித்து, அதில் அத்தையைப் படுக்கவைத்துக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கால் தொடைவரை வீங்கி, பல் ஈறில் ரத்தம் வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் கடிவாய்ப் புண் ஆற மாதக்கணக்கானது, அந்தக் காலைப் பிறகு சரியாக ஊன்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா வீட்டுக்குள் போகாமல் காரின் முன்னால் நின்றாள்.

“வாசல்ல வண்டி நிக்குது, ஏறிப் போக நாதியில்ல” என்றாள். என் பக்கம் திரும்பி, “ஏட்டி, நான் கார் ஓட்டப் படிக்கப் போறேன்” என்றாள். அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

கழுகுமலை ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அப்பாவுக்குப் பழக்கமானவர். புது பேட்டரி மாட்டியதும் எஞ்சின் இருமி இருமி உயிர் பெற்றுவிட்டது. டயர்கள்தான் செத்துப்போயிருந்தன. இறுகிய மண்ணை வெட்டிவிட்டு, மூன்று சக்கரங்களைக் கழற்றி வேறு டயர் மாட்டியவர், இடது முன்சக்கரத்தில் நான்கு நட்டுகளைக் கழற்றிவிட்டு ஐந்தாவதில் நின்றுவிட்டார். ஸ்பானரைப் போட்டு மூச்சடக்கித் திருகினார். நட்டு அசையவில்லை, அதன் முனைகள்தான் மழுங்கத் தொடங்கின.

“நல்லா முடுக்கிட்டுல்லா போயிருக்கான்” என்று அப்பாவைச் சொல்லி வியர்வையைத் துடைத்தார். “துரு ஏறி ஒண்ணோட ஒண்ணா ஒட்டிட்டு, மதினி. கேஸ் வச்சு அறுத்தாத்தான் வரும்.”

“அறுக்க வேண்டாம் அண்ணாச்சி. எண்ண விட்டுப் பாக்குதேன்” என்றாள் அம்மா. எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். வருகிற வரைக்கும் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஸ்பானரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்த நட்டு என் பொறுப்பாயிற்று. காலையில் அம்மா போனதும் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டுவேன். பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டுவேன். மத்தியானம் துணியை எடுத்துவிட்டுச் சின்னச் சுத்தியலால் நாலு பக்கமும் மெல்லத் தட்டுவேன், அதிர்வில் துரு விட்டுக்கொடுத்தால் எண்ணெய் உள்ளே இறங்கும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். மறுபடி துணி. வெயில் ஏறியபின் சாலையில் எப்போதாவது ஒரு பஸ் போகும். அந்தச் சத்தம் அடங்கியதும் என் சுத்தியல் சத்தம் மட்டும் காடு முழுக்கக் கேட்பதுபோல் இருக்கும். ஆட்டைப் பத்திக்கொண்டு போகிற சுப்பையா மாமா நின்று பார்ப்பார். “அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சொல்லுவாவ. அம்மி நகந்துரும் தாயி, இது நகராது” என்பார். அவர் போனபிறகு மறுநாள் அவர் வரும்வரை என்னோடு பேச ஆள் இருக்காது. அதனால் நட்டோடு பேச ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துக் கதைகளை, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவற்றையெல்லாம் அதனிடம் சொன்னேன்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா என்றைக்காவது பஸ்ஸில் வந்தால், வேப்பமரத்தடியில் கார் நிற்பதைப் பார்த்துத்தான் நம் வீடு என்று அடையாளம் கண்டு இறங்குவார் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். கார் போய்விட்டால் வீடு தெரியாமல் தாண்டிப் போய்விடுவாரே என்று பயமாக இருந்தது. ஆனாலும் ஒரு வேளைகூட எண்ணெய் விடத் தவறவில்லை. அம்மா வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவாமல் முதலில் அந்தச் சக்கரத்தைத்தான் பார்ப்பாள்.

விடுமுறை முடியப் போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அம்மா எங்கிருந்தோ ஓர் இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய அடிபம்பின் குழாய். அதை ஸ்பானரின் பிடியில் செருகியபோது பிடி என் உயரத்துக்கு நீண்டது. முதலில் முடுக்குகிற பக்கமாக ஒரு நெம்பு நெம்பினாள். பிறகு கழற்றுகிற பக்கம் மாற்றிப் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயின் மேல் ஏறி நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. வெறும் கஞ்சியில் வளர்ந்த உடம்பு அவளுக்கு.

“நீயும் ஏறுட்டி” என்றாள்.

நானும் ஏறினேன். அவள் கார்க் கூரையைப் பிடித்துக்கொண்டாள், நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்து ஒரு எம்பு எம்பினோம். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். குழாய் கீழே போக, நாங்கள் இருவரும் மண்ணில் விழுந்தோம். நட்டு முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முறியவில்லை, திரும்பியிருந்தது. அதன்பின் அம்மா அதை விரலாலேயே திருகி எடுத்தாள்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய அவள் சிரித்ததை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் எனக்கு முன்பே நிறுத்திவிட்டாள். நட்டை உள்ளங்கையில் வைத்தபடி சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவள், ஆடுகள் வீடு திரும்புகிற நேரம்வரை எழுந்திருக்கவில்லை. கூப்பிடலாம் என்று வாய்வரை வந்தது. கூப்பிடாமல் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் மெக்கானிக் அண்ணாச்சி அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். லைசென்ஸ் வந்ததும் முதல் சவாரி சீனியம்மா அத்தைக்கு, கால் கட்டு மாற்ற. “பொம்பள ஓட்டுத வண்டியில எவன் ஏறுவான்” என்றவர்களின் வீட்டுப் பெண்களே பிரசவத்துக்கு அம்மாவைத்தான் தேடி வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸை விட்டாள். ஆபீஸுக்குப் போன வரைக்கும் பொழுது சாய்ந்தால் வந்துவிடுவாள் என்ற நிச்சயம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கூப்பிட்ட நேரத்துக்குப் போனாள், முடிந்த நேரத்துக்கு வந்தாள். கார் நின்ற இடத்தில் புல் முளைக்காத வெளிறிய தரை மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் பாடம் படித்தேன்.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, காலாண்டு விடுமுறையில் ஒரு புரட்டாசி மத்தியானம், அப்பா வந்தார். ஒரு பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி, நேராக வேப்பமரத்தடிக்கு வந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீடு அவருக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்திருந்தது. என்னைத்தான் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார்.

“வண்டிய வித்துட்டாளா?”

“இல்லப்பா. அம்மா ஓட்டிட்டுப் போயிருக்கா. திருச்செந்தூர் சவாரி.”

“யாரு, அவளா?” என்றார். செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். “நல்லா ஓட்டுதாளா?”

“நல்லா ஓட்டுதா.”

தலையை ஆட்டினார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சாலைக்குப் போனார். கடைக்குப் போகிறார் என்று நினைத்து உலை வைக்க உள்ளே போனேன். பஸ் நிற்கிற சத்தம் கேட்டு ஓடி வந்தபோது, அது அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தது.

அம்மா வந்ததும் சொன்னேன். எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவிய சாப்பிட்டாவளா?”

“தண்ணிதான் குடிச்சாவ.”

இறங்கி, வாளியில் தண்ணீர் எடுத்து, எப்போதும்போல வண்டியைக் கழுவினாள்.

நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். அம்மா போய்விட்டாள், அவளுக்கு முன்பே கார் போய்விட்டது. சுப்பையா மாமா குடும்பம் ஆடுகளை விற்றுவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போனது. நாற்கரச் சாலை வந்தபோது வீட்டையும் வேப்பமரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். கண்டுபிடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடுகிறது. அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது. இருந்து, இன்னொரு முறை வந்தாரென்றால், இறங்குவதற்கு அங்கே பஸ் நிற்காது. இறங்கிவிட்டாலும், அவள் எங்கே என்று அவர் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.