சிவப்பு மையில் அடித்த ஊர்

கும்மிடிப்பூண்டி பைபாஸ் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். சிவப்புப் பேனா அதைவிடச் சட்டென்று வரும்.

போன வருடம் வந்தவர்களில் ஒருத்திக்கு முப்பது வயதிருக்கும். ஒரு கம்பெனியில் எட்டு வருடமாகக் காண்ட்ராக்டில் பேக்கிங் வேலை. ஷிஃப்ட் முழுக்க நின்றேதான் செய்ய வேண்டும். முடிந்து கிளம்பும்போது வீங்கிய கால் செருப்புக்குள் நுழையாது. அதே கம்பெனியின் டெஸ்பாட்ச் ஆபீசில் பர்மனென்ட் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னாள். "உக்காந்துகினு செய்யற வேலை மிஸ்," என்றாள். அவளுக்கு அதுதான் பெரிது.

உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள். அதனால் எல்லாரையும் பத்து வரி எழுதிவரச் சொன்னேன். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். அவள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். இலக்கணம் நொண்டியடித்தது. ஆனால் காற்று திசை மாறினால் கொடியில் காயும் துணியில் கரி படியும் என்று எழுதியிருந்தாள். கம்பெனி பஸ்ஸின் நிறத்தைப் பார்த்தே யாருக்கு எங்கே வேலை என்று சொல்லிவிடலாம், எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களோடு ஒடியா பேசுவார், என் அம்மா நாற்று நட்ட இடத்தில்தான் இப்போது நான் பெட்டி ஒட்டுகிறேன் என்றெல்லாம் எழுதியிருந்தாள்.

"கரி, புகைன்னு சொன்னா யாரும்மா வேலை குடுப்பாங்க?" என்று குறுக்கே ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இன்டர்நெட்டிலிருந்து ஒரு பத்தியை எடுத்து எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எங்கள் நகரம் அழகானது, சாலைகள் சுத்தமானவை, நடுவே ஓர் ஆறு ஓடுகிறது, மக்கள் அன்பானவர்கள். அது எந்த ஊரைப் பற்றியது என்று நானும் பார்க்கவில்லை. கட்டுரைகளை உருப்போட்டே பரீட்சையில் மார்க் வாங்கியவள் நான். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் அவள் ஊரையே கெடுத்தேன்.

அந்த இன்டர்வியூவுக்கு என் வகுப்பிலிருந்து நான்கு பேர் போனார்கள். அவள் கடைசி. அடுத்த ஞாயிறு வந்து சொன்னாள்:

"ஆறு ஓடுதுன்னு சொன்னதுமே அந்த சார் சிரிச்சிட்டாரு மிஸ். காலைலேருந்து இதோட நாலு தபா கேட்டுட்டேன்னாரு. அப்பால, நான் தெனமும் ட்ரெயின்ல வரேன், இந்த ஊருக்குள்ள ஒரு நாள்கூட பார்த்ததில்லியே, எந்த ஆறும்மா அதுன்னாரு. நான் முழிச்சிக்கினு நின்னேன்."

வேலை கிடைக்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"என் தப்புதான் மிஸ்," என்றாள். "ஆத்து பேரு நீங்க கிளாஸ்ல சொல்லியிருப்பீங்க, நான்தான் கவனிக்கல. இன்னா ஆறு மிஸ் அது?" நோட்டைப் பிரித்துப் பேனாவோடு காத்திருந்தாள்.

வகுப்பே என்னைப் பார்த்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். வாரா வாரம் பேசக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு அது வாயில் வரவில்லை.

"ஆரணியாறு," என்றேன்.

அது இந்த ஊரில் இல்லை, தள்ளிப் பொன்னேரிப் பக்கம் ஓடுகிறது என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதிக்கொண்டாள்.

"அடுத்த தபா கரெக்டா சொல்லிடறேன் மிஸ்," என்றாள்.