பட்டுக்குள் வந்த வாள்

கைகள் இரண்டும் வாளின் வெள்ளியை உரித்துக்கொண்டிருந்தன. இடது கை பிடியை முழங்காலோடு சேர்த்து அமுக்கிக்கொள்ள, வலது கை மடித்த சாண்ட் பேப்பரைப் பிடியிலிருந்து நுனிவரை ஒரே இழுவையாக இழுத்தது. திரும்பி வரும்போது தேய்க்கவில்லை. மரத்தின் ஓட்டத்துக்கு எதிராகத் தேய்த்தால் சிராய் எழும்பும் என்பதை அந்தக் கைகள் அவசரத்திலும் மறக்கவில்லை. வெள்ளித் தூள் பறந்து வேட்டிக் கரையில் படிந்தது. பக்கத்தில் குந்தியிருந்த பொலிஸ்காரியின் கறுப்புச் சப்பாத்திலும் படிந்தது. நடைவழியின் கதவுக்கு அப்பால் தமிழ்ப் பள்ளியின் நவராத்திரி வாணி விழா நடந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் வாழை வெட்டு.

“இன்னும் எவ்வளவு நேரம்?” என்று பொலிஸ்காரி டெனிஷில் கேட்டாள்.

“ஒரு பக்கம் முடிந்துவிட்டது” என்றார் குலேந்திரன், நிமிராமலே.

குலேந்திரனுக்குக் கதவு செய்யும் ஆலையில் வேலை. இளம் வயதில் அகதியாக டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்துக்கு வந்தபோது, மொழி வகுப்புக்குப் பக்கத்தில் ஒரு மரப் பட்டறை இருந்தது. வகுப்பைவிட அங்கே குளிருக்குக் கணகணப்பாக இருந்ததால் போய் நின்றார். நின்றவர் கையில் யாரோ சீவுளியைக் கொடுத்தார்கள். சான்றிதழ் ஒன்றும் கிடையாது; பார்த்தார், பிழைவிட்டார், திரும்பச் செய்தார். இப்போது டோஸ்ட்ருப்பில் வீடும் ஒரு கராஜும் இருக்கின்றன. அந்தக் கராஜுக்குள் கார் நுழைந்து கனகாலம். யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வரமுன்னர் மேசையின் அடிவிளிம்பைத் தடவிப் பார்ப்பார். சொரசொரப்பு இருந்தால் சட்டைப்பையிலிருந்து சாண்ட் பேப்பர் துண்டு வெளியே வரும். அதனால் மனைவி தவமலர் அவரை எப்போதும் மேசைக்கு எட்டாத கதிரையில்தான் இருத்துவார்.

அவருடைய மகள் மேனுஜா ஒன்பதாம் வகுப்பு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகாமலிருக்க விதம்விதமான வயிற்றுவலி வைத்திருந்தவள். இந்த வருடம் சீட்டுக் குலுக்கியதில் வாழை வெட்டுகிற வாய்ப்பு அவளுக்கு விழுந்தது. அன்றோடு வயிற்றுவலி போனது. விஜயதசமியில் அம்மனுக்குப் பயந்து அசுரன் வாழைமரத்துக்குள் ஒளிந்துகொள்கிறான். வாழையை வெட்டினால் அவன் கதை முடியும். கோயிலில் ஐயர் வெட்டுவார். பள்ளி விழாவில் ஒரு பிள்ளை வெட்டும். மேனுஜா குளியலறைத் துவாயைச் சுழற்றிச் சுழற்றிப் பழகினாள். வகுப்பில் கூடப் படிக்கும் டெனிஷ் சிநேகிதிகளையும் பார்க்க வரச்சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரெபென் மின்னஞ்சல் அனுப்பினார். புரொண்பியில் விழா நடக்கும் பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர் அவர். போன வருடத்துப் படம் ஒன்றை யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள். அதில் முழங்கை நீளக் கத்தியோடு ஒரு சிறுவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான், பின்னால் பால்போத்தல்களோடு குழந்தைகள். மண்டபம் வேண்டுமா, கத்தி வேண்டுமா என்று பிரெபென் கேட்டிருந்தார்.

குலேந்திரன் வீட்டில் கூட்டம் கூடியது. விழாக் குழுத் தலைவர் ஈஸ்வரமூர்த்தி சென்னையிலிருந்து வேலைக்கு வந்த மென்பொருள் பொறியாளர். சட்டம் என்றால் நிமிர்ந்து உட்காருகிறவர்.

“இந்த ஊர்ல பப்ளிக் ப்ளேஸ்ல கத்தி வச்சிருக்கணும்னா தகுந்த காரணம் இருக்கணும். ஸ்கூல்ல, பசங்க நடுவுலன்னா இன்னும் சீரியஸ். போன வருஷம் அது எப்படி உள்ள வந்துச்சுன்னே எனக்குத் தெரியல” என்றார் அவர்.

“பூக்கூடைக்குள்ளைதான் வந்தது” என்றார் பூ அலங்காரத்துக்குப் பொறுப்பான மனோரஞ்சிதம். “செவ்வந்திக்குக் கீழை. பிள்ளையள் கண்டு பயப்பிடுவினம் எண்டு நான்தான் மூடினனான்.”

“மூடினதுதாங்க பிரச்சினையே. மறைச்சு எடுத்துட்டுப் போய் மாட்டினா, போலீஸ் என்னன்னு நினைப்பாங்க?”

“வாழை வெட்ட எண்டு சொல்லுவன்.”

“ஸ்கூல் ஹால்ல எதுக்கு வாழை வெட்டறீங்கன்னு கேட்டா?”

“அதுக்குள்ளை ஒருத்தன் ஒளிச்சிருக்கிறான் எண்டு சொல்லுவன்.”

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அக்கா, போலீஸ் வந்தா தயவுசெஞ்சு நீங்க பேசாதீங்க.”

“அப்ப அசுரன் மட்டும் ஒளிச்சு வரலாமோ தம்பி? அவனுக்கு ஒரு சட்டமும் இல்லையோ?”

அட்டையில் வாள் செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள். மாடிப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மேனுஜா டெனிஷில் பதில் சொன்னாள். அட்டை வாள் வளையும். வளைவதை எல்லாரும் படம் எடுப்பார்கள். அதற்கு வேறு ஆளைப் பார்க்கலாம், தான் வரமாட்டேன். சொல்லிவிட்டு எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குலேந்திரன் செய்து மாட்டிய கதவு என்பதால் அது சத்தமே போடவில்லை.

“ஆலையிலை கதவுக்குப் போடுற பீச் மரத்திலை செய்வம்” என்றார் குலேந்திரன். “பக்குவமாய் விளிம்பு வைச்சால் வாழைத்தண்டு விழும்.”

பிரெபெனிடம் கேட்டார்கள். மரம் என்றால் சரி என்று பதில் வந்தது.

சோதித்துப் பார்க்க டென்மார்க்கில் வாழைத்தண்டுக்கு எங்கே போவது? மனோரஞ்சிதத்தின் கண்ணாடிக் கூடாரத்தில் பொத்திப் பொத்தி வளர்ந்த ஒரே ஒரு வாழை விழாவுக்கு. குலேந்திரன் கடைக்குப் போய், வெங்காயத்தாள் மாதிரித் தடித்த தண்டுள்ள லீக்ஸ் வாங்கினார். கட்டுக் கட்டாக வாங்கி, தண்டுகளைச் சேர்த்து இறுக்கிக் கட்டி, கராஜில் நட்டுவைத்து வெட்டினார். முதல் வாள் லீக்ஸை நசித்தது. விளிம்பை இன்னும் சீவினார். அடுத்த நாளும் நசித்தது. பின்னேரம் பின்னேரமாகத் தவமலர் சட்டியோடு கராஜ் வாசலில் வந்து நிற்பார்.

“என்னப்பா, அசுரன் செத்தானோ?”

“அரைவாசி செத்திட்டான்.”

“அப்ப அந்த அரைவாசியை இஞ்சாலை தாங்கோ.”

லீக்ஸ் கறி, லீக்ஸ் வறை, லீக்ஸ் ரொட்டி, லீக்ஸ் போட்ட வடை. ஆலையில் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பக்கத்திலிருப்பவர் எழும்பி யன்னலைத் திறந்தார். மேனுஜாவின் பள்ளிப் பைக்கும் அந்த வாசம் பிடித்தது. கடைசியில் ஒருநாள் விளிம்பு சரிவந்தது. மேனுஜா வீசினாள், கட்டு முழுவதும் வழுக்கிக்கொண்டு சரிந்தது. தகப்பனும் மகளும் அந்தக் கராஜுக்குள் கைகோத்துத் துள்ளினார்கள். ஒரு மாதிரி லீக்ஸ் தின்பது முடிந்தது என்று தவமலரும் துள்ளினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அம்மனின் வாள் கதவுப் பலகை மாதிரி இருக்கலாமா? குலேந்திரன் வெள்ளிப் பூச்சு வாங்கினார். ஒரு பூச்சு, காய்ந்ததும் தேய்ப்பு, மேலே இன்னொரு பூச்சு. முகம் பார்க்கலாம் போல் வரும்வரை விடவில்லை. கராஜுக்குள் வந்த தவமலர் வாளைக் கண்டு நெஞ்சில் கைவைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். குலேந்திரன் அதைத் தனக்குக் கிடைத்த மெச்சுதல் என்று எடுத்துக்கொண்டார்.

விழாவன்று காலை சுவாமி அறையில் வைத்துப் பூசை செய்தார்கள். பூசை செய்த வாளை வெறுமனே கொண்டுபோகக்கூடாது என்று தவமலர் தன் சிவப்புப் பட்டுத் துணியை எடுத்துச் சுற்றினார். ஈஸ்வரமூர்த்தியும் தொலைபேசியில் அதையே சொன்னார்: “ட்ரெயின்ல வர்றீங்கன்னா மூடி எடுத்துட்டு வாங்க சார். ஜனங்க பயந்துடப்போறாங்க.” பூக்கூடைக்கு அன்று அவ்வளவு சட்டம் சொன்னவர், இது மரம்தானே என்று நினைத்துவிட்டார். காரில் வர இடமில்லை. காருக்குள் வாழை படுத்திருந்தது. இலைகள் யன்னலால் வெளியே ஆட, மடியில் வாழைக்கிழங்கு மண்ணோடு மேனுஜா குந்தியிருக்க, தவமலர் ஓட்டிக்கொண்டு போனார்.

குலேந்திரன் பட்டுப் பொதியை நெஞ்சோடு அணைத்தபடி ரயிலில் வந்தார். பக்கத்திலிருந்த மூதாட்டி பிள்ளை நித்திரையா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினார்.

பள்ளிக்கூட வாசலில் பிரெபென் நின்றார். குலேந்திரன் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போது பட்டு வழுக்கியது. ஒரு சாண் வெள்ளி வெயிலில் பளிச்சிட்டது.

“அது என்ன?” என்றார் பிரெபென்.

“மரம்.”

பிரெபென் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். “மரம் என்றால் ஏன் மறைத்துக்கொண்டு வருகிறீர்கள்?”

“கடவுளுடையது” என்றார் குலேந்திரன். டெனிஷில் அந்தப் பதில் நன்றாக ஒலிக்கவில்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பிரெபென் கதவை மறித்து நின்று தொலைபேசியை எடுத்தார். ரோந்து வண்டி எங்கோ பக்கத்தில்தான் நின்றிருக்க வேண்டும், சட்டென்று வந்துவிட்டது. மண்டப யன்னலில் தாமரையும் மயிலுமாக உடுத்திய சின்னப் பிள்ளைகள் மூக்கை ஒட்டி நின்று பார்த்தார்கள். ஈஸ்வரமூர்த்தி ஓடிவந்தார். முதல் வேலையாக மனோரஞ்சிதத்தை உள்ளே அனுப்பினார்.

பொலிஸ்காரி வாளை வாங்கி நிறை பார்த்தாள். விரல் முட்டியால் தட்டினாள். டொக், டொக். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

“இது கத்தி இல்லை. இதற்காக உங்களுக்குக் குற்றம் எழுதமாட்டேன்” என்றாள். “ஆனால் பிள்ளைகள் நிறைந்த கட்டிடத்துக்குள் ஒருவர் வாளை மூடிக்கொண்டு போகிறார் என்று அழைப்பு வந்தால் நாங்கள் வேகமாகத்தான் வருவோம். வருகிறவர்களுக்கு இது மரம் என்று தெரியாது.”

“உள்ளே விடுவதா இல்லையா என்பது என் பொறுப்பு” என்றார் பிரெபென். “கடைசி வரிசையில் இருக்கிற ஒரு தாய் பார்த்தாலும் மரம் என்று தெரியவேண்டும். தெரியாவிட்டால் இது வெளியே நிற்கும்.”

மேனுஜா பாவாடை சட்டையோடு வாசலில் வந்து நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தாள்.

குலேந்திரன் நடைவழியில் சம்மணம் கட்டி இருந்தார். முதல் இழுவை அவருக்கே வலித்தது. எத்தனை பின்னேரத்து மினுக்கம். இரண்டாவது இழுவையில் பீச்சின் இளஞ்சிவப்பு தெரிந்தது, அதன் சின்னச் சின்னப் புள்ளிகளோடு. அடடே, இதையா மூடி வைத்தேன் என்று தோன்றியது. கை தானாக வேகம் பிடித்தது.

பிரெபென் தன் கருவி அறையிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்து நீட்டினார். குலேந்திரன் விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இது கரடு. கீறிவிடும்.”

பிரெபெனின் முகம் சிவந்தது. போய் வேறொரு தாள் கொண்டுவந்தார். அதையும் தடவி, “இது பரவாயில்லை” என்றார் குலேந்திரன். பிரெபென் விடாமல் பக்கத்தில் குந்தி, எண்ணெய் பூசினால் இன்னும் நல்லது, ஆளி எண்ணெய்தான் திறம் என்று தொடங்கினார். ஆளி எண்ணெய் காய நாளெடுக்கும் என்றார் குலேந்திரன். பொலிஸ்காரி நுனியைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மனோரஞ்சிதம் கதவிடுக்கால் தலையை நீட்டினார். “தம்பி குலேந்திரன், பாட்டு முடிஞ்சுது. தலைவர் பேச நிக்கிறார்.”

“நீட்டிப் பேசச் சொல்லுங்கோ அக்கா.”

“அதை அவருக்கு ஆரும் சொல்லவேணுமே?”

உள்ளே ஈஸ்வரமூர்த்தியின் குரல் பொது இடத்தில் பொருட்களை மூடாமல் கொண்டுவருவதன் அவசியம் பற்றி ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. மற்றக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. அவர் நிறுத்தவில்லை.

குலேந்திரன் கடைசித் தூளை ஊதினார். விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். வாளை நேராக நிமிர்த்திப் பிடித்தார். பிரெபென் எழும்பி நடைவழியின் மறு கோடிவரை நடந்துபோய்த் திரும்பி நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு தாயைப்போலப் பார்த்தார்.

“மரம்” என்று அங்கிருந்தே கத்தினார்.

கதவு திறந்தது. தவமலர் பட்டை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். பொலிஸ்காரி வேண்டாம் என்று தலையாட்ட, பட்டைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். குலேந்திரன் வாளைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் ஏந்தினார். கடைசி வரிசையிலிருந்து வாழைவரை, எல்லாத் தாய்மாரும் பார்க்கத்தக்கதாக மெல்ல நடந்தார். மேனுஜா வாழையின் பக்கத்தில் காத்திருந்தாள்.

“அப்பா, உங்கட மூக்கெல்லாம் வெள்ளி” என்றாள், தமிழில்.

“வெட்டேக்கை சரிச்சு வெட்டு” என்று சொல்லி அவர் வாளை அவள் கையில் கொடுத்தார்.