அம்மாவின் கிளட்ச் தேயவில்லை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அம்மா மறைந்த அன்று பெரிய மாமா, அம்மா ஓட்டிய வானின் சாவியைச் சாமித் தட்டில் வைத்தார். முப்பத்தோராம் நாள்வரை வானை யாரும் எடுக்கக் கூடாது, அதுதான் தன் தங்கச்சிக்கு மரியாதை என்றார்.

2. அம்மா பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய அந்த வான், மாலையோடு முற்றத்து மழையில் நின்றது.

3. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் மாமா எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். கிளட்ச்சை மிதித்தும் கியர் விழவில்லை. கரகரவென்று அரைத்தது.

4. பந்தியில் இருந்த சொந்தங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி மாமா சொன்னார்: "தங்கச்சி எந்நேரமும் கிளட்ச்லயே கால வச்சு ஓட்டித் தேச்சுட்டா. பொம்பள ஓட்டுன வண்டி வேற எப்பிடி இருக்கும்? நாளைக்கு ஆள் வருது, வந்த வெலைக்குக் குடுத்துருவோம்."

நான்காவதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

அம்மா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். அப்பா இறந்தபோது நானும் தங்கையும் சிறு பிள்ளைகள். கொழுந்து பறிக்கப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா வாகனம் ஓட்டப் பழகினார். பெண் ஓட்டும் வானில் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய பெற்றோரே, பிறகு அடுத்த பிள்ளைக்கும் முன்கூட்டியே இடம் கேட்டு வைத்தார்கள். அந்த வருமானத்தில்தான் நான் வாகனத் தொழில்நுட்பம் படித்தேன். நெஞ்சுவலி வருவதற்கு முதல் நாள் மாலைகூட, ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் அம்மா வீடு வந்தார்.

தேய்ந்த கிளட்ச் வழுக்கும். எஞ்சின் இரையும், வண்டி ஏற்றத்தில் ஏறாது. அம்மாவோ வான் நிறையப் பிள்ளைகளோடு கடைசி நாள்வரை இரத்தோட்டை ஏற்றத்தில் ஏறினார். இப்போது வந்திருப்பது வேறு பழுது. மிதித்தாலும் கிளட்ச் எஞ்சினிலிருந்து விலக மறுக்கிறது. அதனால்தான் கியர் அரைக்கிறது.

மறுநாள் காலை, வாங்குபவர் வருமுன், மாமாவையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். பெடலுக்கு அடியில் விரிப்பு தடுக்கவில்லை. கிளட்ச் ஒயில் குறையவில்லை, கசிவும் இல்லை. வானுக்கு அடியில் படுத்துக்கொண்டு கிளட்ச்சைத் தள்ளும் தண்டைப் பார்த்தேன்.

"மிதிங்க மாமா."

"மிதிச்சிட்டேன்."

"முழுசா மிதிங்க. அம்மா மிதிச்ச மாதிரி."

தண்டு போக வேண்டிய தூரம் முழுவதும் போனது. அப்படியானால் மிச்சம் ஒன்றுதான். ஈரத்தில் அசையாமல் நின்றதில் துருப்பிடித்து, கிளட்ச் தட்டு எஞ்சினின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கால் வைத்ததால் வந்த பழுது அல்ல அது. யாரும் கால் வைக்காததால் வந்தது.

எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தினேன். வானை ஆளில்லாத வீதிக்குத் தள்ளினோம். கியரைப் போட்டு, கிளட்ச்சை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தேன். வான் குதித்து ஓடியது. பக்கத்து இருக்கையில் இருந்த மாமா முருகா, முருகா என்று கூப்பிட்டார். கிளட்ச்சில் வைத்த காலை எடுக்காமல், ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்தி விட்டேன். டக்கென்று ஒரு சத்தம். தட்டு விடுபட்டது. அதன்பின் எல்லாக் கியரும் சத்தமில்லாமல் விழுந்தன.

மாமா தானும் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். பிறகு, "எடுக்கக் கூடாதுன்னு சொன்னது நாந்தானே" என்றார்.

"ஆமா மாமா. பந்தியில சொன்னத யாரு திருப்பி எடுக்கிறது?"

"வருசத் திவசத்துக்கு நினைவு மலர் போடுவீங்கல்ல, அதுல எழுதிரு. எம் பேர மட்டும் போட்டுராத."

போடவில்லை.

அம்மாவை எங்களோடு சுமந்த அயலவர்களுக்கும், கிரியைகள் முடியும்வரை எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும், வேறு வான் தேடாமல் காத்திருந்த பெற்றோருக்கும், வாங்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய மாமாவுக்கும் நன்றி.

வானைத் தங்கை ஓட்டுகிறாள், நான் பழுது பார்க்கிறேன். திவசத்தன்றும் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டுத்தான் அவள் படையலுக்கு வருவாள். வான் விற்பனைக்கு இல்லை. உள்ளே இருப்பது அம்மா மிதித்த அதே கிளட்ச்.