கரமனையில் மட்டும் ஏறிய சர்க்கரை

நாலு தேசத்து ஆட்களை ஒரே வீடியோ கூட்டத்தில் பிடித்து உட்காரவைப்பதுதான் என் உத்தியோகம். ஒருவருக்கு அது காலைக் காபி வேளை, இன்னொருவருக்குக் கண் சொக்கும் நேரம், எனக்கு மட்டும் எப்போதும் குக்கர் விசிலடிக்கும் நேரம். சர்க்கரை வியாதிக்காரர்கள் கையில் ஒட்டிய சென்சார் ஃபோனுக்கு அனுப்பும் அளவுகளைத் திருவனந்தபுரத்திலிருந்து சேர்த்துக் கொடுப்பது எங்கள் பங்கு.

ஒருநாள் வெளிநாட்டுத் திட்டத் தலைவி திரையில் கோடு கோடாகக் காட்டினார். எங்கள் களப்பணிப் பெண் இங்கே ஊருக்குள் இருக்கும் கரமனைக்குப் போகும் நாளில் அங்கே எல்லாருக்கும் சர்க்கரை எகிறுகிறது. அவள் போகாத நாளில் சமர்த்தாக இருக்கிறது.

"சென்சாரை அந்தப் பெண் தப்பாகக் கையாள்கிறாள். அவளை எடுத்துவிடுங்கள்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் பஸ் மாறி மாறி அலைகிறவள்; அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. "நானே போய்ப் பார்க்கிறேன்!" என்று கத்தினேன். மைக் ஆஃபில் இருந்தது. ஆன் செய்து மறுபடியும் கத்தினேன்.

மறுநாள் அவளோடு கரமனை அக்ரஹாரத்துக்குப் போனேன். முதல் வீட்டில் நாங்கள் உட்காருவதற்குள் பால்பாயசம் வந்தது. எனக்கு ஒரு கிண்ணம், அவளுக்கு ஒன்று, சென்சார் ஒட்டிய மாமாவுக்கு ஒன்று.

"மாமா, உங்களுக்கு எதுக்கு இது?"

"ஆத்துக்கு வந்தவாளைத் தனியா சாப்பிட விடலாமோ? மரியாதையில்லை, கேட்டோ" என்றார் மாமா, பரம சந்தோஷமாக.

"இவ வர அன்னிக்குத்தான் பாயசமே வெக்கறேன். பாவம், வெயில்ல வரா" என்றாள் மாமி.

நான் களப்பணிப் பெண்ணை முறைத்தேன். "வேண்டாம்னு சொன்னா மாமி பிணங்கிடுவா மேடம். எல்லா ஆத்துலயும் இப்படித்தான்" என்றாள். அட ராமா, தெரு முழுக்க இதே கூத்தா!

அடுத்த கூட்டத்தில் பாயசக் கதையைச் சொன்னேன். தலைவி நம்பவில்லை. "நீங்கள் அவளைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்" என்றார். அடுத்த மாதம் இங்கே வேறு வேலையாக வந்தவரை விடாமல் கரமனைக்கு இழுத்துப் போனேன். வேண்டுமென்றே அந்தப் பெண்ணை ஆபீசிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். காரில் வரும்போதே தலைவி சொல்லிவிட்டார், தண்ணீர்கூடத் தொடமாட்டாராம்.

அதே வீட்டில் பால்பாயசக் கிண்ணம் வந்தது. தலைவி தலையாட்டி மறுத்தார். மாமியின் முகம் வாடியது. மாமா தன் கிண்ணத்தையும் மெல்லக் கீழே வைத்தார். அந்த முகங்களைப் பார்த்து யாரால் தாங்கமுடியும்? ஒரே ஒரு கரண்டி என்று ஆரம்பித்தார் தலைவி. மாமாவும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

பேச்சும் சிரிப்புமாக அரைமணி போயிருக்கும். சர்க்கரை ஏறிவிட்டதென்று மாமாவின் ஃபோன் வீல் என்று அலறியது.

"பாருங்கோ, அந்தப் பொண்ணு வராட்டாலும் மிஷின் நன்னா வேலை செய்யறது!" என்றாள் மாமி. அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். எனக்கு அன்று இருந்த குஷியைச் சொல்லி முடியாது.

தலைவி ஃபோனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கையிலிருந்த இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தார்.

"அந்தப் பெண் இருக்கட்டும்" என்றார், அடியில் இருந்ததை வழித்தபடி.