அண்ணனிடம் தங்கிய பாட்டு

அண்ணன் கண்டியில் ஒரு ஹோட்டலின் இசைக்குழுவில் நெடுங்காலம் பாடினான். பிறந்தது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். ஆங்கிலத்தைப் பெரும்பாலும் கேசட் போட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டான். வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்கென்று ஒரு பாட்டு வைத்திருந்தான். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவர் பாடிய 'சோல்' என்ற வகையைச் சேர்ந்த பழைய பாட்டு. பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லிவிட்டு, நல்ல காலம் வந்தே தீரும் என்று மேலே எழும்பி முடியும்.

வீட்டில் ஒருநாள் அதை அவன் முணுமுணுத்தபோது, கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா, "என்னடா சொல்றான் அந்தாளு?" என்று கேட்டார். அண்ணன் விளக்கினான்.

"அப்ப நம்ம ஆளுதான்," என்றார் அம்மா.

அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்தது. பேச்சும் போய்விட்டது. என்ன கேட்டாலும் வாயில் வருவது "இல்ல" என்ற ஒரு சொல்தான். தேநீர் வேண்டுமென்றாலும் அதே "இல்ல". சொல்ல நினைப்பது ஒன்று, வருவது வேறொன்று என்று அவனுக்கே தெரிந்ததுதான் கொடுமை. குண்டசாலையில் இருந்த அவன் வீட்டுக்கு யார் வந்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் அக்குறணையைச் சேர்ந்த இளம் பெண். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் அவனை "நானா" என்றுதான் கூப்பிடுவார்.

"நானா பாடுவாரா?"

"அதுதாங்க அவரு தொழிலே," என்றார் அண்ணி.

"ஆகக் கூடுதலாப் பாடின பாட்டு எது?"

அண்ணி என்னைப் பார்த்தார். குரல்வளமே இல்லாத நான் முதல் வரியைத் தொடங்கினேன். இரண்டாவது வரியை அண்ணன் எடுத்துக்கொண்டான். ஒரு சொல் பிசகாமல் பாடினான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"பேச்சு வர்ற பாதை அடைபட்டாலும் பாட்டு வர்ற பாதை சில பேருக்குத் திறந்திருக்கும்," என்றார் அந்தப் பெண். "இனி இந்தப் பாட்டாலயே பேச வைப்போம்."

அப்படித்தான் செய்தோம். "எனக்குத் தண்ணி வேணும்" என்பதை அந்த மெட்டில் பாட வைத்தோம். முதல்முறை பாடிவிட்டு அண்ணன் வெட்கப்பட்டான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மாதங்கள் போகப் போக, மெட்டில்லாமலே சின்னச் சின்ன வாக்கியங்கள் வந்தன. காய்கறி வாங்கப் போனால் விலை பேசும் அளவுக்குத் தேறிவிட்டான்.

இந்த வருடம் அவன் மகளுக்குப் பிலிமத்தலாவையில் கல்யாணம். பழைய கூட்டாளிகள்தான் இசைக்குழு. யாரும் கூப்பிடாமலே அண்ணன் மேடைக்கு நடந்தான். இடக்கையால் மைக்கை வாங்கினான். தடுமாறிவிடுவானோ என்று நான் எழுந்திருக்கப் போனேன்.

"இரு புள்ள. அவருக்குத் தெரியும்," என்று அண்ணி என் கையைப் பிடித்து உட்கார்த்தினார்.

பழைய குரல் இல்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, குரல் கரகரத்தது. ஹோட்டலில் இனிமையாகப் பாடுவான். இப்போது ஒவ்வொரு சொல்லையும் போராடி மீட்டவனாகப் பாடினான். அந்தப் பாட்டை அவன் இவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதே இல்லை. ஆங்கிலம் அறியாத மாப்பிள்ளை வீட்டார்கூடச் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என் தோளைத் தொட்டு, "ஒண்ணும் புரியல, ஆனா ஒடம்பெல்லாம் சிலிர்க்குது. யாருங்க அவரு?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன்," என்றேன். தேவைக்கு அதிகமாகவே சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.