செவ்வாய்க்கிழமைக் கட்டம்

ஜேடர்பாளையத்துக்கு மேற்கே இருக்கும் அந்த அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியின் அங்கீகாரம் மே 31-ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் முப்பத்தொரு பிள்ளைகளும் நெடுஞ்சாலையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போக வேண்டும்.

தலைமை ஆசிரியை பெரியநாயகிக்கு ஒரு வாரமாக இருப்புக்கொள்ளவில்லை. தனியார் பள்ளிகள் சட்டம் கேட்கும் கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள் எல்லாம் கோப்பில் இருந்தன. புதுப்பிப்புக்கான ஆய்வு நாளன்று காலை மட்டும் அதை ஐந்து முறை திறந்து பார்த்தார். பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டியவரின் கை ஓரிடத்தில் நின்றது. மார்ச் 12, செவ்வாய்: 31 பேரும் வருகை.

அன்று ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பி, பள்ளி பூட்டிக்கிடந்தது. நோம்பிக்கு விட்ட விடுமுறையைச் சனிக்கிழமை ஈடுகட்டி, அந்த வருகையைச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்திலேயே போடுவது அங்கே இருபது வருடப் பழக்கம். ஆனால் சத்துணவுப் பதிவேட்டில் செவ்வாய்க்குச் சமையல் இல்லை. 16-ஆம் தேதி, சனிக்கிழமைதான் 31 முட்டை.

சத்துணவு சமைத்து அந்தப் பதிவேட்டையும் எழுதும் சென்னம்மாளிடம் ஓடினார்.

“சென்னம்மா, அந்தச் சனிக்கிழமைச் சமையலைச் செவ்வாய்க்கு மாத்திப் போட்டுருங்க. பத்து மணிக்கு அதிகாரி வாராங்க.”

“ஏனுங்க டீச்சர், செவ்வாக்கெழம நான் தீச்சட்டி எடுத்தத ஊரே பாத்துச்சு. சோறாக்குனேன்னு எழுதுனா ஆத்தாளே சிரிக்குமுங்க.”

“பள்ளிக்கூடமே போயிருமுங்க!”

“போனா என்ற வேலையுந்தான் போவுது. அதுக்குன்னு?”

கரண்டி நிற்கவே இல்லை.

வந்த கல்வி அதிகாரி சுகன்யா இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்தார்.

“வராத பிள்ளைங்களுக்கு வருகை போட்டிருக்கீங்களா?”

பெரியநாயகி அவசரமாக மறுத்தார். “வந்தாங்க மேடம். சனிக்கிழமை வந்தாங்க. நான்தான் செவ்வாய்ல போட்டேன்.”

சுகன்யா முட்டைக் கணக்கின் மேல் விரலை வைத்து மூன்று முறை படித்தார்.

“சனிக்கிழமைக்கு இந்த 31 முட்டை மட்டும் இல்லேன்னா, பொய் வருகைன்னு எழுதியிருப்பேன். விளக்கக் கடிதம் கொடுங்க. மூணு வருசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது, ஒரு வருசம்தான்.”

ஜீப் போனதும் பெரியநாயகி சமையலறை வாசலில் வந்து நின்றார். நன்றி சொல்லத்தான் வந்தார். வாயில் வேறு வந்தது.

“அடுத்த நோம்பி என்னைக்குங்க? முன்கூட்டியே அனுமதி வாங்கோணும்.”

“அம்மன் பூக் குடுத்து உத்தரவு சொன்னாத்தானுங்க நாள் குறிப்பாங்க, இன்னும் பூவே கேக்கலீங்க. வருசம் கெடக்குது, போய்ச் சாப்புடுங்க.”

அவர் சாப்பிடவில்லை. நாட்காட்டியை எடுத்துக்கொண்டு கோயில் பூசாரி வீட்டுக்கு நடந்தார்.