தவளை இல்லாத வயல்

வெயிலை நேராகத் தின்ன நம்மால் முடியாது. நெல்லுக்கும் புல்லுக்கும்தான் அந்த வித்தை தெரியும். நெல்லின் சாற்றைப் பூச்சி குடிக்கும், பூச்சியைத் தவளை விழுங்கும், தவளையைச் சாரையும் கொக்கும் பிடிக்கும். தின்றதில் பெரும்பங்கு ஓடவும் மூச்சுவிடவுமே செலவாகிவிடும். மேலே இருப்பவனுக்குக் கிடைப்பது மிச்சம்தான். வயல் நிறையப் பூச்சியும் கணக்கில்லாத தவளையும் இருந்தும் கொக்கு மட்டும் மூன்றே மூன்று நிற்பது அதனால்தான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாறசாலைப் பக்கத்து ஏலாவில், அதாவது எங்கள் வயல்வெளியில், முட்டளவு சேற்றில் நின்று களை பறித்தவர்களுக்கு இது தானாகவே தெரியும்.

நிலத்துக்கு உடையவரான ஜன்மியிடம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து உழுத வயல், நிலச்சீர்திருத்தத்தில் எங்கள் பெயருக்கே வந்தது. அப்பா போனபின் நானும் தம்பியும் சேர்ந்து பயிர் செய்தோம். எங்கள் ஏலாவில் ஒரு கட்டு உண்டு. நாற்று நட்ட நாள் முதல் அறுப்பு முடியும்வரை ஒருவரும் தவளை பிடிக்கக் கூடாது. தவளைக்காலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை என்று சாக்கோடு ஆட்கள் அலைந்த காலம் அது. எங்கள் வரப்பில் மட்டும் அவர்கள் கால் வைத்ததில்லை.

அந்த வருடம் கதிர் வரும் சமயத்தில் அம்மாவுக்கு நோய் முற்றி, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தேன். வயலைத் தம்பியிடம் விட்டேன்.

"நீ பேடிக்காண்டாம் அக்கா. நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

திரும்பி வந்த அன்று சாயங்காலம் மழை பெய்தது. வயலில் ஒரு தவளைச் சத்தமும் இல்லை. சில நாளில் புகையான் விழுந்தது. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. தீ வைத்ததுபோல் பயிர் வட்டம் வட்டமாகக் கருகியது. பக்கத்து வரப்புக்காரிதான் தவளை பிடிக்க ஆட்களை விட்டிருப்பாள் என்று அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் அழுதுகொண்டு போனாள். தம்பி அருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் அவனுக்கு விசா வந்து கல்ஃபுக்குப் போனான். அங்கிருந்து கடிதம் எழுதினான். "அந்த நிலம் இனி ஒண்ணுக்கும் ஆகாது அக்கா. மண்ணு போட்டு நிரத்தி வீடு கெட்டலாம்." கருகிய பயிரை என் கண்ணாலேயே பார்த்தவள் அல்லவா? நம்பி, சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். லாரி லாரியாகச் செம்மண் வந்து விழுந்தது.

மண் விழுந்த மறுநாள் சாக்கோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"இங்க தானே வயல் இருந்துது? போன வருசம் ஒங்க தம்பியாக்கும் எங்களக் கூட்டி வந்து காட்டித் தந்தாரு. விசாவுக்கு அவசரம்னு சொன்னாரு."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. நேரே பக்கத்து வரப்புக்காரியின் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவள் கதவைத் திறக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து அவன் முதல் லீவில் வந்தான். வயலை நிரப்பிக் கட்டிய புதுவீட்டின் முன்னறையில் உட்கார்ந்து காலைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"என்னா கொசு அக்கா! முன்னெல்லாம் இப்பிடி இல்லியே?"

"கொசுவத் தின்ன ஆளு இருந்துது மக்கா. நீ சாக்குல கெட்டி வித்துப் போட்டியே."

தட்டிய கை அப்படியே நின்றது. "ஒனக்கு எப்பம் தெரியும்?"

"மண்ணு போட்ட மறுநாளே."

"பின்ன ஏன் இத்தற நாளா கேக்கல்ல?"

"நீயே சொல்லுவேன்னு ஆக்கும் காத்திருந்தேன்."

அவன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். கொசு எல்லாம் உள்ளேதான் இருந்தது.